உங்களுக்குத் தெரியுமா? வயிற்றுச் சுவரில் ஓர் ஓட்டை

◆ அறுவை மருத்துவர்கள் ரப்பர் கையுறை போடுவதற்கும் குடலிறக்கத்துக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட், கிருமிநாசினிக் கரைசலில் கை நனைத்து நனைத்துத் தோல் புண்ணாகிப்போன தாதி கரோலின் ஹாம்ப்டனுக்காக 1889-90 வாக்கில் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்து வாங்கினார். (1890இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.) அன்றைக்கு அது காப்பாற்றியது தாதியின் கையை மட்டும்தான். நோயாளிக்கும் நல்லது என்பதைக் கணக்கோடு காட்டியவர் ஹால்ஸ்டெட்டின் சீடர் ஜோசப் பிளட்குட். அவர் கையிலெடுத்த கணக்கு 450க்கும் மேற்பட்ட குடலிறக்க அறுவைகள். எல்லாரும் கையுறை போடத் தொடங்கிய பிறகு புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்தது என்று 1899இல் அச்சில் சொன்னார். பின்னாளில் உலகத்துக்கே கையுறை அனுப்பும் ஊராகக் கிள்ளான் வட்டாரம் மாறியது. 2020 வாக்கில் உலகில் விற்ற ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியாவில் செய்தவை.

◆ வயிற்றுத் தசைச்சுவரில் எங்காவது பலவீனம் ஏற்பட்டு, அந்த இடைவெளி வழியாக உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ தோலுக்கு அடியில் பிதுங்குவதுதான் குடலிறக்கம். டயரில் வெட்டு விழுந்தால் உள்ளிருக்கும் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, அது மாதிரி. நின்றால், இருமினால், முக்கினால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போய்விடும். படுத்தால் போய்விடுகிறதே என்றுதான் பலரும் பத்து வருஷம் சும்மா இருந்துவிடுகிறார்கள். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு. மலாய்க்காரர்களும் இதை ‘அங்கின் பாசாங்’ என்று காற்றின் கணக்கிலேயே எழுதுகிறார்கள். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஓட்டை ஓட்டைதான்.

◆ பெரியவர்களுக்கு வரும் குடலிறக்கத்தை மருந்து, எண்ணெய், பத்தியம், யோகாசனம் எதுவும் மூடாது. அறுவை சிகிச்சை ஒன்றுதான் மூடும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

◆ தொடையிடுக்கில் வருவதுதான் அதிகம்: நான்கில் மூன்று பங்கு. பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கின்படி ஆயுளில் என்றாவது ஒருநாள் இதற்காக அறுவைக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்கு 27 விழுக்காடு, பெண்களுக்கு 3 விழுக்காடு. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2 கோடி தொடையிடுக்கு அறுவைகள் நடக்கின்றன.

◆ ஆண்களுக்கு ஏன் இவ்வளவு? குழந்தை பிறப்பதற்கு முன் விதைகள் வயிற்றுக்குள் இருப்பவை. கருவிலேயே கீழிறங்கி விதைப்பைக்கு வருகின்றன. இறங்கிய பாதையை உடம்பு அடைத்தாக வேண்டும். சிலருக்கு அது முழுதாக அடைபடுவதில்லை. அடைபட்டவர்களுக்கும் விந்துக் குழாயும் இரத்தக் குழாயும் போக அங்கே ஒரு வழி எப்போதும் இருக்கும். வலது விதை சற்றுத் தாமதமாக இறங்குவதால் வலப் பக்கமே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது.

◆ பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை விதைப்பை வீக்கங்களை ஏழாகப் பிரித்து, அவற்றில் ஒன்றைக் குடல் இறங்கும் வகை என்று தனியே வைத்திருக்கிறது. அது சொல்லும் காரணங்கள்: பாரம் தூக்குவது, தன்னைவிட வலுத்தவனோடு மல்லுக்கு நிற்பது, மரத்திலிருந்து விழுவது. முதல் காரணத்தைப் படிக்கும்போது மலேசியத் தமிழனுக்குத் தன் குடும்பமே கண்முன் வந்து நிற்கும்.

◆ காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர்ப் பால் வாளி தொங்க மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்கள், 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (1972க்குப் பிறகு கிள்ளான் துறைமுகம்) மூட்டை இறக்கியவர்கள், பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறைகளில் இரும்பும் கட்டையும் தூக்கியவர்கள், அந்த வட்டாரத்துக்கே பெயர் தந்த காளவாய்களில் செங்கல் சுமந்தவர்கள் என்று நம் ஆட்களின் வரலாறே சுமைக் கணக்குதான். ஆனாலும் ‘மூட்டை தூக்கினான், குடல் இறங்கிவிட்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுத முடியாது. தூக்கிய அத்தனை பேருக்கும் வரவில்லை. மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதியவர்களுக்கும் வந்தது. இன்றைய மருத்துவம் சொல்வது இது: பிறவியிலேயே இருக்கும் பலவீனம், பரம்பரை, வயது, இணைப்புத் திசுவின் தரம் ஆகியவைதான் அடிப்படை, வருஷக் கணக்காகத் தூக்கும் பாரமும் நின்றுகொண்டே செய்யும் வேலையும் அதன்மேல் ஏறுகின்றன. அப்பாவுக்கு இருந்தால் மகன் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

◆ பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கும்போது ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ வரை என்று வழிகாட்டுகிறது. நம் சமையலறையில் 14 கிலோ வாயு நிரப்பிய ‘கேஸ் தோங்’ இருக்கிறதே, இரும்பின் எடையையும் சேர்த்தால் 25ஐத் தாண்டிவிடும். கொண்டுவரும் பையனையே அடுப்படி வரை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டான்.

◆ கைக்குழந்தைக்குத் தொடையிடுக்கில் வீக்கம் தெரிந்தால் ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று பாட்டி சொல்வதைக் கேட்காதீர்கள். தானாக மூடாது, சிறு குழந்தைகளுக்குக் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து பெரியவர்களைவிட அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்கு இது கூடுதலாக வரும். பெண் குழந்தையென்றால் உள்ளே இறங்கியிருப்பது சினைப்பையாகக்கூட இருக்கலாம். சிகிச்சை எளிது: குடல் இறங்கிய பையைக் கட்டி வெட்டிவிடுவார்கள், பெரியவர்களுக்கு வைப்பதுபோல் பிளாஸ்டிக் வலை வைப்பதில்லை.

◆ தொப்புளில் வந்தால் பாட்டி சொல்வது சரி! குழந்தைகளின் தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். ஆனால் காசை வைத்துத் துணியால் கட்டும் வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. தோல் புண்ணாகும், காசு கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். பழைய ஒரு வெள்ளிக் காசு இருந்தால் உண்டியலில் போடுங்கள்.

◆ இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் பட்டத்தரசி கரோலின் இறந்தது தொப்புள் குடலிறக்கத்தால். 1724இல் கடைசிப் பிள்ளை பிறந்தபோது வந்தது. வெட்கத்தால் பதின்மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். 1737 நவம்பரில் குடல் சிக்கி நிலைமை முற்றிய பிறகுதான் மருத்துவர்களுக்கு விஷயமே தெரிந்தது. அறுத்துப் பார்த்தார்கள், மயக்க மருந்தெல்லாம் கண்டுபிடிக்காத காலம். சில நாள்களில் உயிர் போயிற்று.

◆ அதே மன்னரின் அரசவை அறுவை மருத்துவர் கிளாடியஸ் அமியாண்ட், அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1735 டிசம்பரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுப் பையனுக்கு ஓர் அறுவை செய்தார். பையனின் குடலிறக்கப் பைக்குள் இருந்தது குடல்வால். எப்போதோ விழுங்கிய ஊசி ஒன்று அதைக் குத்திக் கிழித்திருந்தது. அமியாண்ட் அதை வெட்டி எடுத்தார்; பையன் பிழைத்தான். உலகில் பதிவான முதல் குடல்வால் அறுவை இதுதான். குடல்வாலை உள்ளே வைத்திருக்கும் குடலிறக்கத்துக்கு இன்றும் அமியாண்ட் பெயர்தான்.

◆ பெண்களுக்கு எண்ணிக்கை குறைவு, ஆபத்து அதிகம். தொடையின் மேற்புறத்தில், இரத்தக் குழாய் போகும் குறுகிய வழியில் வரும் தொடைக் குடலிறக்கம் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. வழி குறுகல் என்பதால் குடல் சட்டென நெரிபடும். ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டில், தொடைக் குடலிறக்க அறுவைகளில் 100க்கு 36 அவசர அறுவையாக நடந்திருக்கின்றன. தொடையிடுக்கு வகையில் அது 5 மட்டுமே. ஆகவே பெண்ணுக்கு அந்த இடத்தில் கட்டி தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், காத்திருக்கச் சொல்லமாட்டார்கள்.

◆ மெலிந்த வயதான பெண்மணிக்கு வாந்தி, வயிறு உப்பல், கூடவே உள்தொடையிலிருந்து முழங்கால் வரை ஒரு வலி. வெளியே கட்டி எதுவும் தெரியாது. மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இடுப்பெலும்பின் ஓட்டை வழியாகக் குடல் இறங்கும் அரிதான வகை ஒன்று இப்படித்தான் ஏமாற்றும். ஆசியப் பெண்களிடம் சற்றுக் கூடுதல். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

◆ பிள்ளை பெற்ற பிறகு, படுத்தபடி தலையைத் தூக்கினால் வயிற்று நடுவில் மேடுபோல் எழுகிறதா? அது பெரும்பாலும் குடலிறக்கம் இல்லை. நடுவில் இருக்கும் நார்ப்பட்டை அகன்று, இரு பக்கத் தசைகளும் விலகியிருக்கின்றன. ஓட்டை இல்லாததால் குடல் சிக்காது. முறையான பயிற்சியில் பலருக்குக் குறையும். நம் வீட்டு வயிற்றுக்கட்டும் மலாய்க்காரர்களின் பெங்குங்கும் இடுப்புக்குச் சுகம் தரலாம். ஓட்டை இருந்தால் அதை மூடாது.

◆ பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பூக்கடை, வாழையிலைச் சாப்பாட்டோடு நினைவுக்கு வருவது பார்வையற்ற சகோதரர்கள் நடத்தும் பிடித்துவிடும் நிலையங்கள். தோள்பட்டைக்கும் முதுகுக்கும் போங்கள், அவர்கள் கையில் நல்ல பயிற்சி இருக்கிறது. ஆனால் வயிற்றிலோ தொடையிடுக்கிலோ வீக்கம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிக்கிய குடலை வெளியிலிருந்து அழுத்தி நீவினால் அது கிழியலாம். அழுகத் தொடங்கிய குடலையே உள்ளே தள்ளிவிடவும் கூடும். ‘குடல் தட்டி ஏற்றுகிறேன்’ என்று யார் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

◆ மருந்தகத்தில் விற்கும் குடலிறக்க பெல்ட்? அறுவைக்குத் தேதி கிடைக்கும் வரை சிலருக்குத் துணை. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

◆ இவை வந்தால் மணி பார்க்க வேண்டாம்: வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகவில்லை, கல்லாக இறுகி, தொட்டால் துடிக்க வைக்கிறது, மேல் தோல் சிவந்து கறுக்கிறது, வாந்தி, மலமும் காற்றும் பிரியவில்லை. குடலுக்கு இரத்தம் போவது நின்றுபோனால் சில மணி நேரத்தில் அந்தப் பகுதி செத்துவிடும். 999ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயில் சோறு தண்ணீர் வேண்டாம்.

◆ அப்படியென்றால் வீக்கம் தெரிந்த அன்றே அறுவையா? தேவையில்லை. வலியே இல்லாத, அல்லது லேசாக மட்டும் தொந்தரவு தரும் தொடையிடுக்குக் குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே அறுவை, மீதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். காத்திருந்தவர்களுக்குக் குடல் சிக்கியது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. அதனால் காத்திருப்பதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது காத்திருந்தவர்களில் 68 விழுக்காட்டினர் எப்படியும் அறுவைக்கு வந்துவிட்டிருந்தார்கள், பெரும்பாலும் வலி பொறுக்க முடியாமல். இந்த ஆய்வு ஆண்களுக்கானது என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன பெண்களின் கணக்கு வேறு.

◆ நவீன குடலிறக்க அறுவைக்குத் தந்தை என்று சொல்லப்படும் இத்தாலியர் எடொவார்டோ பாசினிக்கே தொடையிடுக்கில் கத்திக்காயம் உண்டு. இளம் வயதில் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் படையோடு சேர்ந்து 1867இல் ரோமுக்கு அருகே வில்லா குளோரியில் சண்டையிட்டபோது, துப்பாக்கி முனைக் கத்தி அவர் தொடையிடுக்கில் பாய்ந்தது. குடலில் ஓட்டை விழுந்து, காயத்தின் வழியே மலம் கசிய, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து தப்பினார். பிறகு பாடுவா நகரில் பேராசிரியரானார். 1887இல் தன் முறையை வெளியிட்டார்: ஓட்டையை மேலோட்டமாகத் தைக்காமல், அந்தக் கால்வாயின் பின்சுவரையே அடுக்கடுக்காகப் புதிதாகக் கட்டுவது. 1889இல் 262 அறுவைகளின் கணக்கோடு ஒரு நூல் எழுதினார். அறுத்தவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்ப வந்ததா என்று விசாரித்து எழுதினார் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். அந்தக் காலத்தில் அப்படி விசாரிப்பவர்கள் குறைவு.

◆ கனடாவின் டொராண்டோ அருகே ஒரு மருத்துவமனை இருக்கிறது. எர்ல் ஷோல்டிஸ் 1945இல் தொடங்கியது. அங்கே குடலிறக்கத்தைத் தவிர வேறு அறுவை கிடையாது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, வலை இல்லாமல் நோயாளியின் சொந்தத் திசுவையே நான்கு அடுக்காகத் தைக்கிறார்கள். முடிந்ததும் நோயாளி மேசையிலிருந்து இறங்கி நடந்து போவார். ‘முதுகில் ஊசி போடுவார்களே’ என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க: வீக்கம் சிறிதாக இருந்தால் இங்கேயும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்ய வழி உண்டு, மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

◆ வலை வைக்காமல் தைக்கும் முறை இந்தியாவிலும் ஒன்று பிறந்தது. புனேயின் மோகன் தேசர்தா, நோயாளியின் வயிற்றுத் தசைநாரிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் பின்சுவராக வைத்துத் தைத்தார். அந்த முறை அவர் பெயரிலேயே உலகம் முழுக்கத் தெரியும்.

◆ ஓட்டையின் இரு விளிம்பையும் இழுத்துத் தைத்தால் தையல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சில வருஷத்தில் கிழியவும் கூடும். இழுக்காமல் மேலே வலையை விரித்துவிட்டால்? 1950களின் இறுதியில் அமெரிக்கர் பிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். 1980களில் இர்விங் லிக்டன்ஸ்டைன் அதை எல்லாரும் செய்யக்கூடிய எளிய முறையாக்கினார். வலை ஓட்டையை அடைப்பதோடு நிற்பதில்லை. அதன் கண்களுக்குள் நம் திசு வளர்ந்து புகுந்து, அதுவே புதுச் சுவராகிறது. இந்த வலை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அரிசி மூட்டைச் சாக்கு நெய்வதும் அதே பிளாஸ்டிக்கில்தான். மூட்டை தூக்கிக் குடல் இறங்கியவருக்குச் சாக்கின் சொந்தக்காரனே வைத்தியம்!

◆ அடுத்தது கொசுவலை. கொசுவைத் தடுக்கப் பிறந்த வலைத் துணி வயிற்றுக்குள்ளும் போயிற்று. மகாராஷ்டிராவின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் மருத்துவமனை நடத்திய ரவீந்திரநாத் தொங்காவ்கர், நிறுவன வலையின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாததைக் கண்டு, கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமிநீக்கி 1990களில் பயன்படுத்தத் தொடங்கினார். 2003இல் பல மருத்துவமனைகளின் அனுபவத்தைச் சேர்த்துக் கட்டுரை வெளியிட்டார். மேலைநாட்டார் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. 2016இல் அமெரிக்காவின் முதன்மை மருத்துவ இதழிலேயே முடிவு வந்தது: ஓராண்டில் திரும்ப வந்தது கொசுவலையில் ஒருவருக்கு, நிறுவன வலையில் யாருக்கும் இல்லை, புள்ளியியல்படி வித்தியாசம் கிடையாது. விலை? கொசுவலை 1 டாலருக்குள், நிறுவன வலை சுமார் 125 டாலர். (பூச்சிமருந்து தோய்த்த வலை அல்ல, பசார் மாலாமில் வாங்கி டாக்டரிடம் நீட்டிவிடாதீர்கள்.)

◆ பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோலிலிருந்தும் செய்த வலைகள் உண்டு. கிருமி பிடித்த, சிக்கலான வயிறுகளில் சில மருத்துவர்கள் அவற்றை நாடுவார்கள். முஸ்லிமும் இந்துவும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. வழக்கமான அறுவைக்குப் பயன்படுவது பெட்ரோலியத்திலிருந்து வரும் வலை, எந்த மதத்துக்கும் உறுத்தாது. இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் ‘எதில் செய்த வலை’ என்று கேட்பது உங்கள் உரிமை.

◆ லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகள் போட்டு, ஓட்டையின் உட்புறத்தில் சுமார் 15க்கு 10 சென்டிமீட்டர் வலையை விரிப்பார்கள். இரு பக்கமும் இருந்தாலோ, முன்பு வெளிப்பக்கம் அறுத்துத் திரும்ப வந்திருந்தாலோ, நோயாளி பெண் என்றாலோ இதற்கு முன்னுரிமை. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு முன்னோடி கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு. பொது மயக்கம் வேண்டும் என்பதால் இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்குத் திறந்த முறையே மேல். ‘லேசர்ல பண்ணுவாங்களா?’ என்று கிளினிக்கில் கேட்பவர்களுக்கு: இல்லை, அது கேமரா.

◆ மறைக்காமல் சொல்ல வேண்டியது: தொடையிடுக்கு அறுவைக்குப் பிறகு 100க்குப் 10 முதல் 12 பேருக்கு மூன்று மாதம் தாண்டியும் பொருட்படுத்த வேண்டிய அளவு வலி நிற்கிறது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவு வலி மிகச் சிலருக்கே.

◆ தடுப்பு என்றதும் நடைப்பயிற்சி, கீரை என்று எதிர்பார்ப்பீர்கள். மிகப் பெரிய தடுப்பு அறுவை மருத்துவரின் ஊசிநுனியில் இருக்கிறது. வேறு எதற்காகவோ வயிற்றை நெடுக்காக அறுத்த தழும்பில் பிறகு வருவது தழும்புக் குடலிறக்கம். நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பெரிதாகத் தைத்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் தழும்பு பிரிந்திருந்தது. அரை சென்டிமீட்டர் விட்டு நெருக்கிச் சிறிதாகத் தைத்தவர்களில் 13 விழுக்காடு. 2015இல் வெளிவந்தது. தையல் நூலின் நீளம் வெட்டின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. நெருக்கித் தைக்கச் சில நிமிடம் கூடுதலாகும். அறையில் எல்லாரும் களைத்திருக்கும் நேரம் அது.

◆ ஓட்டை விழும் முன்பே வலை வைக்கலாமா? உடல் பருமன் உள்ளவர்கள், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்கள் என 480 பேரிடம் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. தையல் மட்டும் போட்டவர்களில் 30 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டில் தழும்புக் குடலிறக்கம். தசைநாருக்கு மேலே முன்கூட்டி வலை வைத்தவர்களில் 13 விழுக்காடு.

◆ பிள்ளைப்பேற்று அறுவையில் அடிவயிற்றில் குறுக்காக வெட்டுவது அழகுக்காக மட்டுமில்லை. நெடுக்கு வெட்டைவிட அதில் குடலிறக்கம் மிகக் குறைவு.

◆ அறுவைத் தேதி வாங்கியவர் கையில் இருப்பது மூன்று: சிகரெட், சர்க்கரை, எடை. சிகரெட் இணைப்புத் திசுவின் கொலாஜனைக் கெடுக்கிறது, இருமலையும் தருகிறது. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மாமாக் கடையில் புகைக்கத் தடை வந்து (2019 ஜனவரி 1) வருஷங்கள் ஆகிவிட்டன, இதையும் ஒரு சாக்காக வைத்து விட்டுவிடலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் வலையில் கிருமி பிடிக்கும். பிடித்தால் வலையையே எடுக்க வேண்டி வரும். 2019இன் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இந்தியர்களில் நீரிழிவு சுமார் 31 விழுக்காடு, நாட்டின் சராசரி 18.3. 2023 ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் அல்லது உடல் பருமன். இவற்றோடு மலச்சிக்கலையும், சிறுநீருக்கு முக்க வைக்கும் புரஸ்டேட்டையும், ஆறாத இருமலையும் முதலில் கவனியுங்கள். இவற்றை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைத்தால் அடுத்த ஓட்டைக்கு அச்சாரம்.

◆ வயிற்றுக்குள் தண்ணீர் ஏற்றி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு கூடுதல். ஒரு தடவைக்குச் சுமார் 2 லிட்டர் உள்ளே போகிறது. குழாய் வைக்கும் முன்பே பரிசோதித்து, இருந்தால் அப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

◆ முகச் சுருக்கத்தைப் போக்கும் போடாக்ஸ் ஊசியைச் சில மருத்துவமனைகளில் வயிற்றுத் தசைக்கும் போடுகிறார்கள். மிகப் பெரிய ஓட்டை, பாதிக் குடல் வெளியே. அறுவைக்குச் சில வாரம் முன்பு ஊசி போட்டால் தசை தளர்ந்து நீள்கிறது. விளிம்புகளைச் சேர்த்துத் தைக்க முடிகிறது.

◆ செலவு? மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ போகலாம். கூட்டம் இருக்கும், தேதி தள்ளிப்போகும். அதற்குள் வலி கூடினால் அந்தத் தேதிக்காகக் காத்திராமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், வரிசையை மாற்றுவார்கள். கூச்சப்பட்டு மனைவியிடம்கூடச் சொல்லாத ஆண்கள் இருக்கிறார்கள். டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அந்த இடத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் கூச்சம் போய்விடும்.

◆ வலை வைத்த தொடையிடுக்கு அறுவையில் நடப்பது, படியேறுவது, அலுவலக வேலை எல்லாம் வலி பொறுக்கும் அளவுக்குச் சில நாளிலேயே தொடங்கலாம் என்கின்றன இன்றைய வழிகாட்டிகள். மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கும் வழக்கம் பழையது. பெரும் பாரத்துக்கு மட்டும் சில வாரம் பொறுக்கச் சொல்வார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருப்பவர்கள் அறுவைத் தேதியைக் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். பத்துமலையின் 272 படிகளைச் சும்மா ஏறுவது ஒன்று, இடுப்பில் பட்டை கட்டிய பெரிய காவடியோடு ஏறுவது வேறு. பால்குடம் என்றால் சில கிலோதான். அதையும் கேட்டுவிட்டு எடுங்கள்.